பூட்டு சாவிக்கு ஒரு சத்தியம்

என் மகளின் தலையில் யாராவது ஆசையாகக் கை வைத்தால் எனக்கு ஒரு நொடி மூச்சு நின்றுவிடும். கோயில் பூசாரியானாலும் சரி, மாடி வீட்டுப் பாட்டியானாலும் சரி, ஏதாவது சாக்குச் சொல்லி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வேன். பாளையங்கோட்டையில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் என்னைக் கொஞ்சம் திமிர் பிடித்தவள் என்று நினைக்கிறார்கள். என் கணவர் இதைக் கிறுக்கு என்கிறார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, சந்தேகம் வந்து மறுபடியும் கொதிக்க வைப்பதையும் அவர் அந்தக் கிறுக்கில்தான் சேர்த்திருக்கிறார்.

இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்பதை அவரிடம் நான் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார் என்று பயம். சிரிக்காமல் போனாலும் பயம்தான்.

எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் இருக்கிறது. வயல் வரப்பில் நின்றால் தாமிரபரணி ஓடுகிற சத்தம் கேட்கும். அப்படிப்பட்ட ஊரில் எங்கள் தெருக் குழாயில் மட்டும் காலையில் முதலில் வருகிற தண்ணீர் கலங்கலாக, ஒரு வாடையோடு வரும். குழாய் போன வழி அப்படி. வாறுகால் என்று நாங்கள் சொல்லும் சாக்கடைக்குள்ளேயே, அந்தக் கறுப்புத் தண்ணீரில் முங்கியபடி அது தெரு நெடுகப் போனது. விரிசல் விட்ட இடங்களில் சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றியிருப்பார்கள். கலங்கல் தெளியும் வரை வடியவிட்டு, அதன் பிறகு குடத்தை வைப்பது பெண்களின் வழக்கம்.

ஆனால் தெருமுனையில், மேல்நிலைத் தொட்டியின் தூணில் ஓர் அறிவிப்பு எழுதியிருந்தது. நீல எழுத்தில் எங்கள் தெருவின் பெயர், அதன் கீழே 'புதிய குடிநீர்க் குழாய் அமைத்தல்', அதன் கீழே ஆன செலவு, கடைசியில் பஞ்சாயத்துத் தலைவரின் பெயர். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிய வயதில் நான் வாசித்துப் பழகியது அதைத்தான். எங்கள் தெருவின் பெயர் அவ்வளவு பெரிதாக எழுதியிருந்தது எனக்குப் பெருமையாக இருந்தது. எழுத்தில் இருக்கும் குழாய் தெருவில் இல்லை என்பது ஒரு குறையாகவே தோன்றவில்லை. அரசாங்க எழுத்துகள் அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தலைவர் எங்களுக்கு மாமா. அம்மாவின் பெரியப்பா மகன். ஊரில் எந்த வீட்டு நல்லது கெட்டதுக்கும் முதல் ஆளாக வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசி நான் பார்த்ததில்லை.

ஒரு சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூட வராந்தாவில் கிராம சபை நடந்தது. மிட்டாய் வாங்கிவிட்டு நானும் அம்மாவின் மடியில் உட்கார்ந்திருந்தேன். எழுத்தர் தீர்மானங்களை வாய்க்குள்ளேயே முணுமுணுத்து வாசித்துக்கொண்டு போனார். அப்போது எங்கள் தெருவில் தையல் மிஷின் வைத்திருந்த அத்தை எழுந்தாள். அவள் அப்பாவுக்குச் சித்தப்பா மகள்; கணவரை இழந்து ஊருக்கே திரும்பி வந்தவள். ஊசியை வாயில் கவ்வியபடியே பேசிப் பேசி, பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது போல அவளுக்கு ஒரு பழக்கம் ஆகியிருந்தது.

"தூண்ல எழுதியிருக்க கொழாய எங்கன பொதைச்சிருக்கியன்னு காட்டுங்க அண்ணாச்சி. நாங்களும் ஆளுக்கு ஒரு கொடம் புடிச்சிக்கிடுதோம்."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். எல்லோரும் நிறுத்திய பிறகும் அம்மா மட்டும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தாள். அதை மாமா பார்த்துக்கொண்டார்.

அடுத்து வந்த பஞ்சாயத்துத் தேர்தலில் அத்தை மாமாவை எதிர்த்து நின்றாள். அவளுக்குக் கத்தரிக்கோல் சின்னம். மாமாவுக்குப் பூட்டு சாவி. அத்தையின் தேர்தல் செலவு ஒரு கட்டு நோட்டீஸும், தேய்ந்த ஒரு ஜோடிச் செருப்பும்தான். என்ன செய்வாய் என்று கேட்டவர்களிடம், பஞ்சாயத்துச் செலவை வரிக்கு வரி சபையில் வாசிக்கச் சொல்வேன், பிறகு குழாயை வாறுகாலிலிருந்து எடுப்பேன் என்றாள். வேறொன்றும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

மாமாவின் செலவு மினி லாரியில் வந்து இறங்கியது. வீட்டுக்கு ஒரு எவர்சில்வர் குடம், கழுத்தில் பூட்டு சாவி படம் ஒட்டியது. நல்ல தண்ணீர் தராதவர் தண்ணீர் பிடிக்கக் குடம் தருவதைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை. குடம் நல்ல கனமாக இருந்தது.

குடத்தோடு சத்தியமும் வாங்கினார்கள். எங்கள் பக்கத்தில் அது தேர்தலின் ஒரு பகுதி. தட்டில் கற்பூரம் ஏற்றி, வீட்டு ஆண் அதன்மேல் கையை அடித்துச் சின்னத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு மாமாவே வந்தார். டீக்கடைக்காரர் தட்டைப் பிடித்திருந்தார். அப்பா கையை அடித்தார். நெருப்பு அணைந்தது. அத்தோடு போய்விடுவார்கள் என்று பார்த்தால் மாமா நகரவில்லை.

"அதான் நான் பண்ணிட்டம்லா மச்சான்" என்றார் அப்பா.

"ஒம்ம ஓட்டுக்கு நீரு பண்ணிட்டீரு மாப்ள. தங்கச்சி ஓட்டு தங்கச்சிக்குல்லா வே" என்றார் மாமா. பெண்ணுக்குத் தனி ஓட்டு உண்டு என்று எங்கள் வீட்டில் ஒருவர் வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் முறை. பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். "ஏளா, பொம்பள நீ கற்பூரத்த எல்லாம் தொட வேண்டாம். கையச் சுட்டுக்கிடுவ. பிள்ள தலையில கைய வச்சுச் சொல்லு, போதும்."

அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் கை என் உச்சியில் உட்கார்ந்தது. தலை வாரிவிடும்போது குட்டுவதைத் தவிர அம்மா என் தலையைத் தொடுவது அபூர்வம். அதனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

"பூட்டு சாவிக்குத்தாண்ணே" என்றாள் அம்மா.

ஓட்டுப் போட்டுவிட்டு வந்த அன்று மத்தியானம் அவள் என்னைத் துவைக்கிற கல்லில் உட்காரவைத்து, புதுக் குடத்திலிருந்து மொண்டு மொண்டு தலையில் ஊற்றினாள். எண்ணெய் தேய்க்கும் நாள் இல்லையே என்று கேட்டேன். தலை அழுக்காக இருக்கிறது என்றாள். சோப்பு, சீயக்காய் எதுவும் போடாமல் வெறும் தண்ணீரில் என்ன அழுக்குப் போகும் என்று கேட்க எனக்குத் தெரியவில்லை.

மாமாதான் ஜெயித்தார். பக்கத்துக் குடியிருப்புகளின் ஓட்டு அவரைக் காப்பாற்றியது. எங்கள் தெருப் பெட்டியில் கத்தரிக்கோலுக்குத்தான் கூடுதல். எந்தெந்த வீடு என்று தனக்குத் தெரியும் என மாமா டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்வி. அது அன்றைக்கு உண்மையில்லை. அப்போது அவருக்கு ஒரு வீடுகூடத் தெரியாது.

பிறகு அடைமழை பிடித்தது. வாறுகால் நிறைந்து தெருவில் ஏறியது. மழை விட்டுச் சில வாரங்களில் எனக்குச் சோறு குமட்டியது, மூத்திரம் மஞ்சளாகப் போனது. ஒரு நாள் காலையில் அம்மா என் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியில் டாக்டர், தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள், தெருவில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார். கொதிக்கவைத்துக் கொடுங்கள் என்று இரண்டு தடவை சொன்னார். அம்மா தலையாட்டினாள். அவர் சொன்னது அவள் காதில் விழுந்தது. ஆனால் வரும் வழியெல்லாம் பஸ்ஸில் என் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொல்லாமல் என்னை மாமா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். என் தலையில் முக்காடு போட்டிருந்தாள்.

மாமா வீட்டில் தனியாக ஆழ்துளைக் கிணறு உண்டு. மாமி எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். எந்த வாடையும் இல்லாத தண்ணீர். இன்னொரு டம்ளர் கேட்டேன். நான் குடித்துக்கொண்டிருந்தபோது அம்மா மாமாவின் முன்னால் நின்று, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, என்னவோ சொல்லி அழுதாள்; கத்தரிக்கோல் என்ற ஒரு வார்த்தைதான் எனக்குக் கேட்டது. மாமா கோபப்படவில்லை. வருத்தப்பட்டது போலத்தான் இருந்தது. என்னைக் கிட்டே கூப்பிட்டு, அம்மா கை வைத்த அதே இடத்தில் கையை வைத்தார். நெற்றியில் திருநீறு பூசினார்.

"போனது போட்டும். நான் ஒண்ணும் மனசுல வச்சிக்கிட மாட்டேன். பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாது" என்றார். அம்மா கும்பிட்டாள். அப்போது மெதுவாகச் சொன்னார்: "இனும அந்தத் தையக்காரி கூடச் சேந்து சிரிச்சிட்டுத் திரியாத, என்னா."

நாங்கள் வெளியே வரும்போது வாசல் கேட்டைத் திறந்துகொண்டு எங்கள் பக்கத்து வீட்டு அக்கா உள்ளே வந்தாள். அவள் பையனுக்கும் கண் மஞ்சளாக இருந்தது. அம்மாவும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துத் திடுக்கிட்டார்கள்.

"சும்மாதான் வந்தேன்" என்றாள் அக்கா.

"நானும் சும்மாதான்" என்றாள் அம்மா.

கேட்டுக்கு வெளியே புங்கை மரத்தடியில் எங்கள் தெருவிலிருந்து இன்னொரு பெண், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்களைப் பார்க்காதது போல வயலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாங்கள் போகும்வரை காத்திருந்தாள் என்று இப்போது புரிகிறது. அன்று எனக்கு வேறு மாதிரிப் புரிந்தது. மாமாவுக்குக் காமாலை இறக்கத் தெரியும், அதனால்தான் தெருவே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறது என்று நம்பினேன். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடித்து எனக்குச் சரியானபோது, மாமாவின் கைராசி என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்தேன்.

தட்டு ஏந்தி வந்த டீக்கடைக்காரரின் மகளுக்கும் அதே மாதம் காமாலை வந்தது. அவர் வீட்டு ஓட்டு பூட்டு சாவிக்கு விழுந்ததில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்தப் பிள்ளை எந்தச் சத்தியத்துக்காகப் படுத்தது என்று யாரும் கேட்கவில்லை.

குடியரசு தினக் கிராம சபையில் அத்தை மறுபடியும் எழுந்தாள். தெருவில் இத்தனை பிள்ளைகளுக்குக் காமாலை வந்திருக்கிறது, குழாயை எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்டாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எழுத்தர் பேனாவை மூடினார். மாமா பெண்கள் பக்கம் பார்த்தார். ஒவ்வொரு முகமாக, நிதானமாக. அவருக்கு இப்போது எந்தெந்த வீடு என்று தெரியும். அவர் யாரையும் விசாரித்து அதைத் தெரிந்துகொள்ளவில்லை.

அத்தை திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "மதினி, நீங்களாவது சொல்லுங்களேன்."

அம்மா குனிந்து என் சடையைப் பிரித்து, நன்றாக இருந்த பின்னலை மறுபடியும் பின்னத் தொடங்கினாள். பக்கத்தில் அந்த அக்கா தன் பையனின் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். அத்தை உட்காரவில்லை, அப்படியே எழுந்த வாக்கில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். அதன் பிறகு எந்தத் தேர்தலிலும் அவள் நிற்கவில்லை. குழாய் எத்தனையோ வருடம் கழித்து மாறியது. தூணில் அதே எழுத்தின்மேல் சுண்ணாம்பு அடித்து அதையே மறுபடியும் எழுதினார்கள்.

என் மகள் பிறந்த பிறகு ஒரு நாள், எனக்கு வந்த காமாலை பொய்ச் சத்தியத்தால் இல்லை, தண்ணீரால் வந்தது என்று அம்மாவிடம் சொன்னேன். படித்தவள் என்ற தைரியத்தில் கொஞ்சம் விளக்கமாகவே சொன்னேன். அவள் பாப்பாவின் துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"தண்ணின்னு எனக்குத் தெரியாமலா இருந்துச்சி? ஆனா ஒந் தலையில வச்சது எங் கையில்லா."

போன மாதம் எங்கள் வார்டில் நிற்கப்போகிறவர் என்று சொல்லி ஒருவர் ஆட்களோடு வந்தார். வீட்டுக்கு ஒரு ஹாட் பாக்ஸ். சத்தியமெல்லாம் கேட்கவில்லை, இப்போது அது பழைய மோஸ்தர் போலிருக்கிறது. பாப்பாவைக் கொஞ்சக் கையை நீட்டினார். நான் அவளைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டேன். இன்னொரு கையால் ஹாட் பாக்ஸை வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்றால் நம்மைக் குறித்து வைத்துக்கொள்வார்களோ, நாளைக்குத் தெருவில் தண்ணீர் வராவிட்டால் யாரிடம் போவது என்று அந்த ஒரு நொடியில் என்னென்னவோ ஓடியது. அது இன்னும் பிரிக்காமல் அலமாரியின் மேல் இருக்கிறது.

அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஓட்டு நாளின் சாயங்காலம் நினைவுக்கு வருகிறது. தலை துவட்டியும் துவட்டாமலும் நான் தெருவுக்கு விளையாட ஓடினேன். பக்கத்து வீட்டு அக்காவின் பையனுக்கும் தலை ஈரமாக இருந்தது. புங்கை மரத்தடியில் நின்றவளின் பிள்ளைக்கும், எதிர்வீட்டு இரட்டையர்களுக்கும் ஈரம். தெருவில் பாதிப் பிள்ளைகள் தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடிக்கொண்டிருந்தோம். தலையைத் தொட்டால்தான் அவுட் என்று ஒரு விளையாட்டு. யாரைத் தொட்டாலும் கை நனைந்தது. ஏன் இன்றைக்கு எல்லோர் வீட்டிலும் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மாக்கள் அவரவர் வாசலில் நின்று, அவரவர் பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.