நடுவில் மூன்று

மனைவி போய் ஐந்து மாதமாகியும் ஈயக்காரர் அழவில்லை. அவருக்கு நிஜப் பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. மருத்துவமனைகளிலிருந்து வரும் இதயத்துடிப்புக் கருவிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் பத்தொன்பது வருடமாக ஈயம் உருக்கிப் பற்றவைத்ததில் ஒட்டிக்கொண்ட பெயர் இது. அவர் அழட்டும் என்று உறவுக்காரர்கள் காத்திருந்து பார்த்து, அலுத்துப்போய், அவரவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். அவரும் காத்துக்கொண்டுதான் இருந்தார். பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட கன்னம் போல இருந்தது. தொட்டால் தெரிந்தது, வலிக்கவில்லை.

மனைவிக்கும் அதே பட்டறையில், பக்கத்து மேஜையில்தான் வேலை. அவர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். அவள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினாள். ஒரு கருவியைப் பார்த்த மாத்திரத்தில் இன்னதுதான் கோளாறு என்று அவர் சொல்லிவிடுவார். பத்தில் எட்டு சரியாகவும் இருக்கும். அவளோ தலையைக் கூடத் தூக்காமல், "அளந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்பாள். இப்போது அந்த நாற்காலியை யாரோ மேஜைக்கடியில் தள்ளி வைத்திருந்தார்கள். அவளுடைய பூதக்கண்ணாடி விளக்கு மட்டும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

இந்த நேரத்தில்தான் எழுத்துத் தேர்வு என்று அறிவிப்பு வந்தது. தேறாதவர்கள் கீழ்த்தளத்தில் பெட்டி கட்டும் பிரிவுக்குப் போக வேண்டும். பெட்டி கட்டுவதை அவர் கேவலமாக நினைக்கவில்லை. ஆனால் அந்தக் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்தது. அதுவும் போய்விட்டால் காலையில் எழுந்து சட்டை மாட்டிக்கொள்ள ஒரு காரணம் இருக்காது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, யார் கேட்டார்கள்?

தேர்வு வரப்போகிறது என்று வதந்தி கிளம்பிய நாளிலேயே மனைவி படிக்கத் தொடங்கியிருந்தாள். நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று பாதி நிரம்பியிருந்தது. கணக்குக்குப் பள்ளிக்கூடத்தோடு பெரிய கும்பிடாகப் போட்டிருந்த மனிதர், தினமும் காலையில் அதைச் சாப்பாட்டு மேஜையில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் போனில் கேட்டபோது, டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்வதாகச் சொன்னார். அவள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாரா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

விஷயம் கேட்க எளிது. சர்க்யூட்டின் ஒரு பக்கம் சிக்னலைக் கொடுக்கிறோம், மறுபக்கம் ஒன்று வெளியே வருகிறது. வந்ததைப் போனதால் வகுத்தால் அதுதான் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன். வகுக்கத்தான் மண்டை காய்ந்தது. ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், அவ்வளவுதான் உருப்படி. ஆயிரக்கணக்கில் கழற்றி மாட்டிய கைதான் என்றாலும், அதையே காகிதத்தில் எழுத்தாகப் பார்த்தபோது முன்பின் தெரியாத ஆள் போலிருந்தது. மூன்று வாரம் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, ஒருநாள் நோட்டில் இருந்த விடை அப்படியே வந்தது. வேறொருவராக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். இவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலைக்குப் போனார்.

நோட்டில் அவள் எழுதியிருந்த கடைசிப் பக்கத்தில், அதே சர்க்யூட் இரண்டை அடுத்தடுத்துக் கோத்த கணக்கு இருந்தது. விடையாக வரும் பின்னத்தின் அடிப்பகுதியில் மூன்று உறுப்புகள் வரும். நடு உறுப்புக்கு முன்னால் மனைவி மூன்று என்று போட்டிருந்தாள். இவர் முதல் கட்டத்தின் விடையை இரண்டாவதன் விடையால் பெருக்கினார். இரண்டு வந்தது. மறுபடி பெருக்கினாலும் இரண்டுதான். இதை எழுதிய வாரத்தில் அவள் மாத்திரைகளின் மயக்கத்தில் இருந்தது அவருக்கு நினைவுக்கு வந்தது. பாவம், தப்பாகப் போட்டிருக்கிறாள் என்று சிவப்புப் பேனாவால் மூன்றை அடித்து, மேலே இரண்டு என்று எழுதினார். அவளுடைய கடைசிப் பக்கத்தை அடிக்கிறோமே என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, மதிய இடைவேளையில், சும்மா இருக்கப் பிடிக்காமல் அந்தச் சர்க்யூட்டைப் பற்றவைத்தார். குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மூன்று வோல்ட் கொடுத்தால், அவர் கணக்குப்படி ஒன்றரை வர வேண்டும். அவள் கணக்குப்படி ஒன்று. மீட்டர் ஒன்று காட்டியது. அவர் ஈயத்தைச் சந்தேகப்பட்டார். கெப்பாசிட்டரை மாற்றினார். மீட்டரையே மாற்றினார். தலைகீழாக நின்றாலும் ஒன்றுக்கு மேல் ஏறவில்லை.

பிறகு இரண்டாவது கட்டத்தைக் கழற்றிவிட்டு முதலாவதை மட்டும் அளந்தார். அவர் போட்ட கணக்கு இம்மி பிசகாமல் வந்தது. இரண்டாவதை மாட்டினார், முதலாவதே இறங்கியது. அடுத்தது சேர்ந்ததும் முன்னதிலிருந்து கரண்டை இழுத்துக்கொள்கிறது. அவர் இரண்டையும் தனித்தனியாக வைத்துக் கணக்குப் போட்டுப் பெருக்கியிருந்தார். அவள் அந்த இழுப்பையும் சேர்த்து எழுதியிருந்தாள்.

நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திருப்பினார். வெற்றுப் பக்கம் என்று நினைத்து அவர் இதுவரை திருப்பாத பின்புறம். பென்சிலில் சின்னதாக எழுதியிருந்தது: "அவர் இத ரெண்டுன்னுதான் போடுவார். அளந்து பாக்கச் சொல்லணும்."

படித்தார். ஆமாம் என்பது போலத் தலையை ஆட்டினார். நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, பாதியில் நின்ற கருவியை முன்னால் இழுத்துக்கொண்டார். அப்போதும் அழுகை வரவில்லை.

தேர்வில் அந்தக் கேள்வியே வந்தது. மூன்று என்று எழுதிவிட்டு வந்தார். அடுத்த வாரம் பட்டறைக்குப் பொறுப்பான பெண் இன்ஜினியர் அவர் மேஜைக்கே வந்து, தேறிவிட்டதாகவும், இந்த இடம் இனி அவருக்குத்தான் என்றும் சொன்னார். நன்றி சொல்லி அனுப்பிவிட்டு ஈயக்காரர் பற்றவைக்கும் கோலைக் கையில் எடுத்தார். பத்தொன்பது வருடப் பழக்கத்தில் பக்கத்து மேஜைப் பக்கம் திரும்பினார்.

"மூணுதான் போட்டேன்" என்றார்.

விளக்கு கழுத்தை நீட்டியபடி நின்றது. நாற்காலி மேஜைக்கடியில் கிடந்தது. கையிலிருந்ததைத் தாங்கியில் வைக்க வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது. வைத்துவிட்டு அழுதார்.