கேலிக்கு முறை

மாடி வீட்டுப் பெண் போன வாரம் இங்கிலீஷ் புத்தகத்தோடு வந்தாள். "ஆன்ட்டி, மாக்கரின்னா தமிழ்ல என்ன?"

என்னவென்று சொல்ல? கேலி, கிண்டல், நக்கல், நையாண்டி, எகத்தாளம், ஏளனம்... நான் அடுக்கிக்கொண்டே போக, "ஒண்ணு போதும் ஆன்ட்டி, ஒரு மார்க்குதான்" என்றாள். 'ஏளனம்' என்று எழுதிக்கொண்டு ஓடிவிட்டாள்.

மார்க் கிடைத்துவிடும். எனக்குத்தான் அப்புறம் வேலை ஓடவில்லை. கேலிக்கும் ஏளனத்துக்கும் வித்தியாசம் புரியாமல் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணமே ஆட்டம் கண்டது. எழுபதுகளில், சங்கரன்கோவிலில்.

எங்கள் பக்கம் யாரும் யாரையும் கேலி பண்ணிவிட முடியாது. அதற்கு முறை வேண்டும். மச்சினன், கொழுந்தியா, அத்தை மகன், மாமன் மகள் — இவர்களுக்கெல்லாம் பாத்தியதை உண்டு. அண்ணன் தங்கை முறை என்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். புது மாப்பிள்ளையை மறுவீட்டில் கொழுந்தியாமார் சும்மா விட்டால், 'என்ன, மாப்பிள்ளையைப் பிடிக்கலையா?' என்று கேட்பார்கள்.

சின்னக்காவின் வீட்டுக்காரருக்குச் செங்கல்பட்டுப் பக்கம். அப்பா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. அம்மாவும் பிள்ளையுமாக வளர்ந்தவர். அதிகம் பேசமாட்டார்.

மறுவீட்டு விருந்தில் சித்தப்பா மகள் கோமதி அவருக்கென்று தனியாக ஒரு பஜ்ஜி போட்டாள். உள்ளே வாழைக்காய்க்குப் பதில் பஞ்சு! அத்தான் கடித்தார். இழுத்தார். வாய்க்கும் கைக்கும் நடுவே பஞ்சு நீண்டுகொண்டே போனது. பந்தி முழுக்கச் சிரிப்பு.

அவர் சிரிக்கவில்லை. இலையை அப்படியே விட்டு எழுந்தார்.

அப்பா பதறிப்போய், "மாப்ள, அவ கொழுந்தியா... கேலிக்கு முறை உள்ளவ. அதான் செஞ்சிட்டா" என்றார்.

"சாப்புட்றவனப் பாத்து சிரிக்கிறதுக்குப் பேரு கேலி இல்ல" என்றவர், அக்காவைப் பார்த்து, "கெளம்பு" என்றார். அக்கா அழுதுகொண்டே பஸ் ஏறினாள்.

அந்த வருஷம் அவர்கள் தலைதீபாவளிக்கு வரவில்லை. எடுத்து வைத்த வேட்டியும் சேலையும் பீரோவிலேயே கிடந்தன. பொங்கலுக்கும் வரவில்லை. அம்மா வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் எட்டிப் பார்ப்பாள். எனக்கு அத்தான் மேல் அப்படி ஒரு கோபம். ஒரு பஜ்ஜிக்கா இவ்வளவு?

எங்கள் ஊர்க் கோயிலின் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அழைக்க அப்பாவே நேரில் போனார். திரும்பி வந்ததும் கோமதியைக் கூப்பிட்டார். "ஏட்டி, அவுக சொந்தக்காரங்க விசேசத்துல இந்தப் பிள்ளையையும் தாயையும் கடைசிப் பந்தியில உக்கார வச்சி, 'சோத்துக்கு வந்துட்டாவ'ன்னு சிரிப்பாங்களாம். அவங்கம்மா சொல்லி அழுதாங்க. இனிமே மாப்ளகிட்ட நீ வாயத் தொறக்கப்படாது, கேட்டியா?"

கோமதிக்கு முகம் செத்துவிட்டது. "எனக்குத் தெரியாதே பெரியப்பா..." என்றாள்.

தபசுக்கு ஊரே நிரம்பி வழிந்தது. பெரியக்கா வீட்டுக்காரர், சின்னக்கா வீட்டுக்காரர் என்று இரண்டு மாப்பிள்ளைகளும் வந்திருந்தார்கள். சின்ன அத்தானுக்கு நாற்காலி, தனி விசிறி, "வாங்க... சாப்பிடுங்க... போதுமா?" என்று ஒரே மரியாதை. கோமதி தலையைக் குனிந்தபடி தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள்.

அதே கூடத்தில், வாசுதேவநல்லூரிலிருந்து வியர்த்து விறுவிறுத்து வந்த பெரிய அத்தானை மட்டும் அவள் விடவில்லை. "பஸ்ஸுல வந்தீயளா அத்தான், இல்ல பஸ்ஸத் தள்ளிக்கிட்டு வந்தீயளா?"

"உன்னய ஏத்தியிருந்தா தள்ளித்தானட்டி ஆகணும்!"

வீடு அதிர்ந்தது. சின்ன அத்தான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாளும் அப்படித்தான். அன்று சாயங்காலம் காபி கொண்டுபோன கோமதியிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, அவரு மட்டுந்தான் உனக்கு அத்தானா?"

மரியாதையை யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம், வந்த விருந்தாளிக்குக் கூட. அது சில சமயம் எவ்வளவு தூரத்தில் உட்கார வைத்துவிடுகிறது!

கோமதி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அப்பா மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தார். அது போதாதா அவளுக்கு? அத்தானை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள்.

"வேட்டிக்கு மேல பெல்ட் போட்டிருக்கீயளே அத்தான்... உங்களுக்கு வேட்டி மேல நம்பிக்க இல்லையா, இடுப்பு மேல நம்பிக்க இல்லையா?"

அடுப்படியில் சின்னக்காவின் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது.

அத்தான் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். காபி சட்டையில் கொட்டியது, அப்போதும் நிறுத்தவில்லை. அந்த மனிதருக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பது அக்காவுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலை பஸ்ஸுக்குப் பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள் அக்கா. "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாமே" என்றார் அத்தான்.

பெல்ட்டோடுதான்!