உடையக் கூடாது என்று கேட்டேன்

ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்திருந்த காலம். ரேடியோ ஒளித்து வைத்திருப்பதாகச் சந்தேகம் வந்தாலே ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். அப்படிப் போனவர் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அந்தச் சந்தேகம் ஒருநாள் காலையில் எங்கள் கொட்டகைக்குள்ளும் நுழைந்தது.

என் வீட்டுக்காரர் அந்தோணி, மாதா கோவில்களுக்குக் கான்கிரீட்டில் புடைப்புச் சிற்பம் செய்பவர். படம் அவர் வரைவார், கலவை நான் போடுவேன். களிமண்ணில் உருவத்தைக் குழிவாகத் தோண்டி, அதில் கான்கிரீட் ஊற்றி, இறுகியதும் புரட்டினால் உருவம் புடைத்து நிற்கும். இறந்த மகனை மடியில் கிடத்திய மாதாவை அப்போது ஊற்றியிருந்தோம். நல்ல சிமெண்ட் கிடைக்கவில்லை. ஈரம்பட்டுக் கட்டியாகிப்போன பழைய மூட்டையை உடைத்துச் சலித்து, தண்ணீர்மலை ஓடை மணலோடு சேர்த்தேன். நாளாகியும் இறுகவில்லை. நகத்தால் கீறினால் பொடி வந்தது. உன் உருவம்தானே தாயே, இதைக்கூடக் கெட்டியாக்க மாட்டாயா என்று ஜெபமாலையும் கையுமாகச் சண்டை போட்டேன்.

சுவரில் மாட்டுவதற்காக அந்தக் கான்கிரீட் பலகையின் முதுகில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. சோதனைக்கு வந்த அதிகாரி அதை இழுத்து இழுத்துப் பார்த்தான். அவன் பேச்சை மொழிபெயர்க்க ஒரு தமிழர் வந்திருந்தார். அவர் என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"அண்ணே, இது ரேடியோக் கம்பின்றான். உள்ள ஏதும் இருந்தா இப்பவே சொல்லிருங்க."

"மாதா படம்தான் தம்பி. வேற ஒண்ணும் இல்ல."

அதிகாரி நம்பவில்லை. ஒரு சிப்பாய் என் வீட்டுக்காரர் கையை முறுக்கிப் பிடித்தான். இன்னொருவன் எங்கள் சம்மட்டியையே தூக்கினான். இத்தனை நாள் கேட்ட பழக்கத்தில் மனசு அப்போதும் அதையே கேட்டது. தாயே, உடைய விடாதே.

ஒரே அடி. புட்டு மாதிரி உதிர்ந்தது. மணலும் வெறும் கம்பியும்தான் மிச்சம். அதிகாரி பொடியைக் கையில் அள்ளிப் பார்த்தான், காலால் கிளறினான், பிறகு இவரை விடச் சொல்லிவிட்டு வெளியே போனான்.

மொழிபெயர்த்தவர் வாசலில் ஒரு நிமிஷம் நின்றார்.

"உடையலன்னா கல்லையும் அண்ணனையும் லாரியில ஏத்தச் சொல்லியிருந்தான் அக்கா."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் கேட்டபடி அது இறுகியிருந்தால் இன்று நான் விதவை. சர்வேசுரனுக்குத் தோத்திரம். அன்றுமுதல் ஜெபிக்கிறபோது வேண்டியதைக் கேட்பேன், ஆனால் மாதாவுக்கு வழி சொல்லிக்கொடுப்பதில்லை.

சகோதரங்களே, கேட்டது நடக்கவில்லையென்று அவளை விட்டுவிடாதீர்கள். தன் பிள்ளையைப் பிணமாக மடியில் வாங்கிய தாய், என் புருஷனை உயிரோடு என் கையில் கொடுத்தாள்.