பிரித்துப் படித்த தொப்பி

தாம்பரத்துப் பள்ளி ஒன்றில் மெட்டில்டா கைவேலை டீச்சர். "புதுசா ஏதாவது சொல்லிக்குடுங்க, இல்லாட்டி அந்தப் பீரியட் கணக்குக்குத்தான்" என்று ஹெட்மாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அதனால்தான் பிள்ளைகளைப் படப்பைப் பக்கம், பனையோலைத் தொப்பி பின்னும் இடத்துக்குச் சுற்றுலா கூட்டிப்போனாள். போய்ச் சேரத் தாமதம். அதற்குள் அங்கே பின்னிக்கொண்டிருந்த கிளியம்மாள் தொப்பியின் உச்சியை முடித்து விளிம்புக்கு வந்திருந்தாள். அது முடிவதற்குள் டிரைவர் ஹாரன் அடித்தார்.

"ஆரம்பம் எப்படிம்மா?"

"அது அப்பவே முடிஞ்சிபோச்சே டீச்சர், இன்னொரு வாட்டி வாங்க!" என்று சிரித்தாள் கிளியம்மாள்.

மெட்டில்டா அந்த அரைகுறைத் தொப்பியையே வாங்கிக்கொண்டாள். பஸ் கிளம்பியதும் விளிம்பிலிருந்து பிரிக்கத் தொடங்கினாள்.

"டீச்சர், காசு குடுத்து வாங்கிப் பிச்சிப் போடுறீங்களே!" என்று பின்சீட்டிலிருந்து லோகநாதன் கத்தினான். பஸ்ஸே சிரித்தது.

"பிச்சிப் போடலடா, படிக்கிறேன்."

ஒவ்வொரு மடிப்பையும் பார்த்துப் பார்த்து உச்சிவரை பிரித்தாள். முதல் ஓலைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்த விதம் அங்கே தெரிந்தது. தண்ணீர் தெளித்து, அங்கிருந்தே திரும்பப் பின்னினாள். நழுவ நழுவப் பின்னினாள்.

பள்ளியில் இறங்கியதும் அந்தக் கோணல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டே ஹெட்மாஸ்டர் அறைக்குள் நுழைந்தாள்.

"திங்கட்கிழமை என் பீரியட்ல பனையோலை, சார்."