ஐயாசாமிக்குக் குறைந்த இரண்டு கிரெடிட்

ஜொகூர் மாநிலத்து உலு திராமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை. அங்கே சூப்பர்வைசர் ஐயாசாமி குரல் கேட்டால் மெஷினே ஒழுங்காக ஓடும் என்பார்கள். இருபத்திரண்டு வருஷம் லைனில் நின்று மேலே வந்தவர். நாற்பத்தெட்டு வயதில், அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் வார இறுதி வகுப்பில் சேர்ந்து பட்டத்துக்குப் படித்தார். புள்ளியியல் உட்பட எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டார். கடைசிப் பருவத்தில் பட்டியலைச் சரிபார்த்த அலுவலகப் பெண் யுவனேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்கிள், பொதுப்பாடத்துல ரெண்டு கிரெடிட் குறையுது. புறப்பாடம் ஒண்ணு எடுக்கணும்."

"செஸ் இருக்கா?"

"ஃபுல்லாயிடுச்சு. சனிக்கிழமை ஸாப்பின் டான்ஸ்ல மட்டும்தான் இடம் இருக்கு."

"அலமாக்! என் படிப்புக்கும் டான்ஸுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"எந்தப் படிப்பா இருந்தாலும் பொதுப்பாடம் முடிக்காம பட்டம் கிடையாது லா, அங்கிள்."

வீட்டில் விஷயத்தைக் கேட்ட மனைவி சந்திரமதி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "நம்ம கல்யாணத்துலயே விறைப்பா நின்ன ஆளு நீங்க!"

ஸாப்பின் என்னும் அந்த மலாய் நடனத்தின் முதல் வகுப்பில் காம்பூஸ் என்ற தந்தி வாத்தியம் ஒலித்தது. இருபது வயதுப் பிள்ளைகள் எல்லாரும் இடப்பக்கம் போக, ஐயாசாமி மட்டும் வலப்பக்கம் போனார். ஒரு பையனின் காலையும் மிதித்தார்.

திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில், கண்டீனுக்குப் பின்னால் யாரும் இல்லையென்று நினைத்து அடியெடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் லைனில் பதினொரு வருஷமாக வேலை பார்க்கும் மலாய்ப் பெண் ரொஹாயா அந்தப் பக்கம் வந்துவிட்டார்.

"பாஸ், கால்ல சுளுக்கா?" என்று மலாயில் கேட்டார்.

வேறு வழியில்லாமல் ஐயாசாமி உண்மையைச் சொன்னார். ரொஹாயா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தண்ணீர் ஓடுவதுபோல் நாலு அடி ஆடிக் காட்டினார். சின்ன வயதில் மூவாரில் மேடையேறி ஆடியவராம்.

"பதினொரு வருஷத்துல ஒரு தடவைகூட சொல்லலியே?"

"நீங்க ஒரு தடவைகூட கேக்கலியே, பாஸ்."

அன்றிலிருந்து தினமும் கால்மணி நேரம் பாடம் நடந்தது. "லைன்ல ஆளப் பிடிக்க வர்ற மாதிரி வராதீங்க, பாஸ்! முழங்காலத் தளர விடுங்க!" என்று ரொஹாயா அதட்ட, சூப்பர்வைசர் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டார்.

பருவ முடிவில் நடந்த அரங்கேற்ற நாளில், இடுப்பில் கட்டிய சாம்பின் துணி நழுவாமலிருக்கச் சந்திரமதி ஐந்து ஊக்குகள் குத்திவிட்டாள். ஆட்டத்தின் நடுவில் முன்வரிசைப் பையன் ஹேமநாதன் அடி மறந்து அப்படியே நின்றுவிட்டான். "சத்து, டுவா, தீகா... வாடா தம்பி!" என்று ஐயாசாமி எண்ணிக்கொண்டே அவன் பக்கத்தில் போய் ஆட, பையனின் கால் தாளத்தைப் பிடித்துக்கொண்டது. பின்வரிசையிலிருந்து விசில் பறந்தது. சந்திரமதிக்குப் பக்கத்தில் ரொஹாயாவும் லைன் ஆட்கள் ஆறு பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

புள்ளியியலைவிட ஸாப்பினில்தான் அவருக்கு நல்ல மார்க்கு. பட்டமும் வந்தது. அந்த வருஷத் தொழிற்சாலை விருந்தில் ஐயாசாமியும் ரொஹாயாவும் ஆடினார்கள். மறுநாள் காலைக் கூட்டத்தில் அவர் வழக்கமான உற்பத்திக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, "வேற யாருக்கு என்னென்ன தெரியும்? சொல்லுங்க," என்றார். முதல் ஆளாகக் கையைத் தூக்கியவர், எப்போதும் வாய் பேசாத ஸ்டோர் மணியம்.