பலகையின் வலது ஓரம்

ஒன்றாம் வகுப்பிலேயே என் எழுத்தை வலது கைக்கு மாற்றிவிட்டார்கள். சாப்பாட்டை அதற்கும் முன்பே அம்மா மாற்றியிருந்தாள். மிஞ்சியது கோடு மட்டும்தான். படம் வரைய, கோடு இழுக்க எனக்கு இடது கைதான். இதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன்.

மட்டாஞ்சேரி வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் டெக்னிக்கல் பள்ளிக்கூடம். எட்டாம் வகுப்பிலிருந்தே டிராயிங் உண்டு. வாரத்தில் ஒரு நாள் போஸ்டர், எழுத்து வடிவம் என்று வண்ணத்தோடு போகும். மற்ற நாளெல்லாம் ஏதாவது ஓர் இயந்திரப் பாகத்தை முன்னாலிருந்தும் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்ப்பதுபோல அளவோடு வரைய வேண்டும். மரப்பலகையில் ஷீட்டை ஒட்டி, T வடிவ நீளக் கோலான டீ-ஸ்கொயரின் தலையைப் பலகையின் இடது ஓரத்தில் அழுத்திப் பிடித்து, வலது கையால் கோடு இழுப்பதுதான் எல்லோருக்கும் வழக்கம். நான் அதை வலது ஓரத்தில் பிடித்து இடது கையால் இழுப்பேன்.

பலகை வலது கைக்காரர்களுக்காகச் செய்தது, நீ கையை மாற்று என்று டிராயிங் ஸார் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "கோடு நேரா இருக்கா இல்லையா, அத சொல்லுங்க ஸார்" என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோடு நேராகத்தான் இருந்தது, அவரும் தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவார்.

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்பு அப்பா தீர்ப்பைச் சொல்லிவிட்டார். கார்ப்பரேஷனில் குப்பை வண்டி ஓட்டுகிறவர், பேச்சு சுருக்கம். "டிராயிங்ல ஏ பிளஸ் வாங்கினா பாலிடெக்னிக். இல்லேன்னா உங்க அக்காகூட துணிக்கடைக்குப் போ." அவர் மிரட்டலுக்காகச் சொல்லவில்லை. அக்காவுக்கும் இப்படி ஒரு தீர்ப்பு வந்தது, அவள் இப்போது திருப்பூணித்துறையில் நாள் முழுக்க நின்றுகொண்டே சேலை மடிக்கிறாள்.

பரீட்சையன்று பதிவு எண்படி பலகை கொடுத்தார்கள். மூன்று வருஷமாக நான் வரைந்தது புதுப் பலகை, ஓரம் தேயாதது. இது வேறு, பழசு. இடது ஓரத்தில் மட்டும் டீ-ஸ்கொயர் நேராக நகரக் கறுப்பு மரப் பட்டி பதித்திருந்தது. வலது ஓரம் வெறும் மரம். நான் அதைக் கவனிக்கவே இல்லை. வழக்கம்போல டீ-ஸ்கொயரை வலது பக்கம் வைத்துக் கடகடவென்று இழுக்க ஆரம்பித்தேன். வரைய வேண்டியது ஓர் இரும்புத் தாங்கி. பழகிய பாகம்தான், மனசுக்குள் ஏ பிளஸ் வாங்கியாகிவிட்டது.

முன்தோற்றம் முடிந்தது. மேல்தோற்றம் முடிந்தது. பக்கத்தோற்றத்துக்கு உயரத்தைச் சரிபார்க்க ஸ்கேலை வைத்தேன். இடது முனையில் அறுபது மில்லிமீட்டர். வலது முனையில் அறுபத்திரண்டு. என் கண்ணில்தான் கோளாறு என்று மறுபடி அளந்தேன். அறுபத்திரண்டேதான். விரலை மெல்ல வலது ஓரத்தில் ஓட்டிப் பார்த்தேன். நடுவில் பள்ளம். டீ-ஸ்கொயர் மேலே ஒரு சாய்வு, கீழே ஒரு சாய்வு என்று ஆடியிருக்கிறது. நான் போட்ட கோடு ஒன்றுகூட இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் இன்னும் ஐம்பத்தைந்து நிமிஷம். எழுந்து நின்றேன். மேற்பார்வைக்கு வந்திருந்த டீச்சர் வேறு பள்ளிக்காரர். என் ஷீட்டைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "வேற ஷீட் தராம் மோளே. பட்சே சமயம் தரில்ல." ஷீட் கிடைக்கும், நேரம் கிடைக்காது.

புது ஷீட்டை ஒட்டினேன். டீ-ஸ்கொயரைக் கறுப்புப் பட்டி இருந்த இடது ஓரத்தில் வைத்தேன். வலது கையைக் குறுக்கே நீட்டி அதைப் பிடித்துக்கொண்டு இடது கையால் வரைந்து பார்த்தேன். கை மேல் கை ஏறி, பென்சில் நகரவே இடமில்லை. ஐந்து நிமிஷம் அதிலேயே போனது. அக்கா சேலை மடிப்பதுதான் கண்ணில் வந்து நின்றது.

பென்சிலை வலது கைக்கு மாற்றினேன்.

அந்தக் கைக்கு எழுதத் தெரியும், கோடு இழுக்கத் தெரியாது. எங்கே அழுத்துவது, எங்கே நிறுத்துவது என்று ஒன்றும் தெரியாமல் முதல் கோட்டிலேயே முனை ஒடிந்தது. சீவினேன். நெற்றி வியர்வை ஷீட்டில் விழுந்துவிடாமல் இருக்கக் கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டேன். பக்கத்து மேசைப் பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். கோடுகள் தடிமனாக, அசிங்கமாக வந்தன. ஆனால் அளந்தால் அறுபதுக்கு அறுபது. கடைசி அளவை எழுதும்போது பெல் அடித்தது. டீச்சர் ஷீட்டை என் கையிலிருந்து உருவித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

எல்லோரும் வெளியே போனார்கள். நான் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பியூன் சேட்டன் வந்து பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார். முன்னே பின்னே பார்க்காமல், கைக்கு வந்தபடி. என் பலகையை எடுத்துத் தலைகீழாகப் போட்டார். கறுப்புப் பட்டி வலது பக்கம் வந்தது.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பலகையை அரைச் சுற்றுச் சுற்றி வைத்திருந்தால் போதும். நேரான ஓரம் நான் பிடிக்கிற பக்கம் வந்திருக்கும். இரண்டு நொடி வேலை. மூன்று வருஷம் வாய் கிழியப் பேசிய எனக்கு இது தோன்றவில்லையே என்று என்மேலேயே வெறுப்பு வந்தது.

ஏ பிளஸ் வந்தது. ரிசல்ட்டை அப்பாவின் போனில் இரண்டு தடவை பார்த்தோம். பாலிடெக்னிக்குக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று மட்டும் அப்பா கேட்டார். பரீட்சையில் கை மாற்றிய கதையை அம்மாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். அம்மா கொச்சங்காடி குடோனில் சுக்கு பொறுக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். என் வலது கையை இழுத்துப் பிடித்து முத்தம் கொடுத்தாள்.

"இந்தக் கைதான் உன்னக் காப்பாத்தும்னு அப்பவே சொன்னேன்ல."

எனக்குச் சுருக்கென்றது. "இல்லம்மா. போர்டத் திருப்பி வச்சிருந்தா போதும். இடது கையிலயே முடிச்சிருப்பேன்."

அம்மா என்னைப் புரியாமல் பார்த்தாள். "அப்படி வெக்கலாம்னா இந்த மூணு வருஷத்துல உங்க ஸாரு ஒரு தடவையாவது சொல்லியிருக்க மாட்டாரா?"

அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இன்று வரை.