பால் குடித்த வாயும் பஞ்சுக் குச்சியும்

வின்னி ராப்சன் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பகலெல்லாம் மீன் வறுவல் கடையில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பாள். வீட்டுக்கு வந்தால் நாய்களோடு நிற்பாள். எல்லாம் பெட்லிங்டன் டெரியர்கள். முடியைச் சீவிக் கத்தரித்துவிட்டால் ஆட்டுக்குட்டி போலத்தான் இருக்கும். எலியைக் கண்டால் அந்தச் சாதுக் குணமெல்லாம் எங்கே ஓடுமோ, கடவுளுக்கே வெளிச்சம். எங்கள் சுரங்க ஊரில் இந்த நாய் இல்லாத தெரு கிடையாது. அதில் பாதி வின்னி வீட்டு வாரிசு.

இந்த இனத்துக்கு ஒரு சாபக்கேடு உண்டு. தின்பதில் உள்ள செம்பு வெளியே போகாமல் ஈரலில் தங்கிவிடும். தாய், தகப்பன் இரண்டு பக்கமும் குறை வந்து சேர்ந்தால்தான் நோய். ஒரு பக்கம் மட்டும் வந்தால் நாய்க்கு ஒன்றும் ஆகாது, குட்டிகளுக்குக் கடத்தும், அவ்வளவுதான். டாட்ஸ் என்ற பழைய சுரங்கக்காரர் வின்னியிடம் வாங்கிய ஸ்மோக்கி, நல்ல வயதில் கண்ணெல்லாம் மஞ்சளாகிச் செத்தது. "என் வளர்ப்புல அந்த நோயே கிடையாதுய்யா" என்று அப்போது அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள். நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்வதுதான். அவளும் நம்பித்தான் சொன்னாள்.

பிறகு மரபணுச் சோதனை வந்தது. கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தேய்த்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் போதும். வின்னி தன் பெண் நாய் டான்சிக்குச் செய்து பார்த்தாள்: ஒரு பக்கக் குறை உண்டு. ஆண் நாய்க்கும் அதே கதை. ஆனால் அதற்குள் டான்சி சினையாகிவிட்டிருந்தது. அன்றைக்குப் பிடித்த படபடப்பு அவளை விடவில்லை. பிறக்கப்போகிற குட்டிகளில் ஒன்று டாட்ஸுக்கு என்று வேறு பேசியாகிவிட்டது. ஸ்மோக்கி போன பிறகு அந்த மனுஷர் வேறு நாயே வளர்க்கவில்லை.

குட்டிகள் பிறந்ததும் அவற்றுக்கும் குச்சி தேய்த்து அனுப்பினாள். முடிவைத் தொலைபேசியில் சொன்னார்கள். அத்தனையும் அம்மாவைப் போலவே ஒரு பக்கக் குறைதான், ஒன்றுக்கும் நோய் வராது.

"அப்பாடா!" என்றாள் தங்கை ஜீன். "இனிமேலாவது உக்காரேன்க்கா. ரொட்டியும் பட்டாணி மசியலும் எடுத்து வச்சிருக்கேன்."

"ரெண்டு பக்கமும் வந்தது, ஒண்ணுமே வராததுன்னு கலந்துல்ல இருக்கணும். எல்லாமே எப்படிடி ஒண்ணுபோல இருக்கும்?"

"நல்ல சேதி சொன்னாலும் மொகத்த தூக்கி வச்சுக்கிறியே, நீ என்ன ஜென்மம்?"

வின்னி ரொட்டியைத் தொடவில்லை. கழுவின தட்டையே மறுபடி கழுவினாள். முற்றத்துக்குப் போனாள், வந்தாள். ஜீனுக்கு எரிச்சல் மண்டியது. எனக்கே அவளைப் பிடித்து நாற்காலியில் கட்டிப்போடத் தோன்றும், அப்படி ஒரு அலைச்சல்.

மறுநாள் குட்டிகளுக்கு நகம் வெட்டக் குனிந்தாள். இந்த ஊர்ப் பழக்கம், பால் குடித்து மயங்கிக் கிடக்கும்போதுதான் நகம் வெட்டுவது, அப்போதுதான் துள்ளாது. அவள் தனக்கென்று வைத்துக்கொள்ள நினைத்த பெண் குட்டி ஹெதர். அதை டான்சியின் மடியிலிருந்து எடுத்தாள். வாயோரம் பால் வழிந்தது. வின்னியின் கை அப்படியே நின்றுபோயிற்று. பஞ்சுக் குச்சி தேய்த்ததும் இதே நேரத்தில்தான், துள்ளாது என்றுதான்.

ஆய்வுக்கூடத்தைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் பேசிய பெண் கேட்டாள். "பால் குடிச்ச உடனேயா எடுத்தீங்க? பால்ல அம்மாவோட அணுவும் கலந்திருக்குமேம்மா. குறையே இல்லாத குட்டியும் சரி, ரெண்டு பக்கமும் குறையுள்ள குட்டியும் சரி, அம்மாவோடது கலந்தா, ஒரு பக்கம்னுதான் காட்டும். அம்மாகிட்டேருந்து பிரிச்சு வச்சு, வாயக் கழுவிட்டு, மறுபடி எடுங்க."

"யாருக்குக்கா தெரியப் போகுது?" என்றாள் ஜீன். "நோயிருந்தாலும் வெளிய தெரிய வருஷக்கணக்காகும். நீ பாட்டுக்குச் சும்மா இரு."

அந்தச் சும்மா இருத்தல்தான் வின்னிக்கு வராதே! சனிக்கிழமை டாட்ஸ் புதுக் கழுத்துப் பட்டையோடு வந்தபோது வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

அவர் முகம் கறுத்தது. "போன தடவ ஒண்ணுமில்லேன்ன. இந்த தடவ தெரியலேங்கிற. உன் நாயும் வேணாம், உன் சங்காத்தமும் வேணாம்." பட்டையைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு போய்விட்டார்.

வின்னிக்கு அழுகை வரவில்லை, அவமானம்தான் பிடுங்கித் தின்றது. குட்டிகளைத் தனித்தனியே அடைத்து, வாய் கழுவி, அவை கத்தின கத்தலில் தெருவே விழித்துப் பார்க்க, மறுபடி குச்சி தேய்த்து அனுப்பினாள். அதன் பிறகு கடையில் மீனைக் கருக்கினாள், பொட்டலத்தை ஆள் மாற்றிக் கொடுத்தாள், வசை வாங்கினாள். கண்ணை மூடினால் டாட்ஸ் மறுபடி ஒரு மஞ்சள் கண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

தொலைபேசி மணி அடித்தது. பேசி முடித்ததும் மேலங்கிகூடப் போடாமல், டாட்ஸுக்குப் பேசின ஆண் குட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தாள்.

டாட்ஸ் கதவைத் திறந்தார்.

"இதுக்குக் குறையே இல்லய்யா. ரெண்டு பக்கமும் சுத்தம். திட்டணும்னா திட்டிட்டு வாங்கிக்கோ."

குட்டி அவர் சட்டைப் பொத்தானைக் கடித்தது. அவர் கை தன்னால் அதை வாங்கிக்கொண்டது. அதன் காதுமயிரைத் தடவியபடி கேட்டார், "மத்ததுங்க?"

"மத்ததுங்க ஒரு பக்கந்தான்," என்றாள் வின்னி. "ஹெதருக்கு மட்டும் ரெண்டு பக்கமும் இருக்கு."

"நீ வச்சுக்கறதா சொன்ன குட்டியா?"

"அதேதான். முதல் முடிவ நம்பியிருந்தா அதுக்கு ஈரலு குடுத்து வளத்திருப்பேன். ஈரல்லதான செம்பு அதிகமாம்."

டாட்ஸ் குட்டியைத் தோளில் போட்டபடியே அலமாரியைத் திறந்தார். ஸ்மோக்கியின் கிண்ணத்துக்குள் மாத்திரை உடைக்கும் சின்னக் கத்தி கிடந்தது. துடைத்துவிட்டு அதை அவளிடம் நீட்டினார்.

"செம்ப வெளியேத்துற மாத்திரைய வெறும் வயித்துல குடுக்கணும், வின்னி. துப்பும், விடாத. ஸ்மோக்கிக்குக் காலம் கடந்துதான் ஆரம்பிச்சோம். ஹெதருக்கு இப்பவே ஆரம்பிக்கலாம். நாளைக்குக் காலையில வந்து நான் புடிச்சிக்கிறேன், நீ குடு."

வின்னி அவர் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கி அழுதாள்.